கல்யாணப் பத்திரிகை கனம்

எங்கள் வண்டி ஒரு அம்பாசிடர். அதற்கு வயது ஐம்பதுக்கு மேல். எனக்கு எழுபத்திரண்டு, வீட்டுக்காரருக்கு எழுபத்தெட்டு. மூன்று பேரில் காலையில் இருமாமல் எழுந்திருக்கிறவள் நான் ஒருத்திதான்.

அந்த வண்டிக்குள் பாயிண்ட் என்று ஒரு சாமான் உண்டு. பானெட்டைத் தூக்கினால் என்ஜின் பக்கவாட்டில் ஒரு கறுப்பு மூடி, அதன் தலையில் ஐந்து ஒயர் முளைத்திருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னத் தகடு. அதில் மிளகு அளவுக்கு இரண்டு பொட்டு, ஒன்றையொன்று பார்த்தபடி. வண்டி ஓடும்போது இரண்டும் ஒட்டும், பிரியும், ஒட்டும், பிரியும். பிரிகிற ஒவ்வொரு தடவையும் பிளக்கில் பொறி பறக்கும். நடுவில் இருக்கிற சந்து சரியாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ரொம்ப நெருங்கினாலும் வேலை நடக்காது, ரொம்ப விலகினாலும் நடக்காது. ஐம்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு இதை யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சந்தை அளக்க இரும்புக் கடையில் மெல்லிசுத் தகடு விற்கிறான். எங்கள் வீட்டில் அதற்கு மகளுடைய கல்யாணப் பத்திரிகை.

அந்தப் பத்திரிகையை ஊரில், திருநெல்வேலியில் அடித்தோம். ஐந்நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டேன் என்று அச்சாபீஸ்காரன் சொல்லிவிட்டான். ஊரும் டெல்லியுமாகச் சேர்த்தால் எங்களுக்குத் தெரிந்தவர்கள் முந்நூறு பேர்தான், அதிலும் பாதிப் பேரைப் பிடிக்காது. இருநூறு மிச்சம். கல்யாணம் இரண்டரை வருஷம் ஓடியது. மாப்பிள்ளையைப் பற்றி எழுதிக் காகிதத்தை வீணாக்க மாட்டேன். மகள் ஒரு பெட்டியோடு டெல்லி ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்த மறுநாள், "அந்தக் கார்டையெல்லாம் ரத்திக்காரனிடம் போடும்மா" என்றாள். பழைய பேப்பர் எடுக்கிறவனைத்தான் இங்கே அப்படிச் சொல்வது. இவர் ஒன்றை எடுத்து விரலால் கனம் பார்த்தார். "நல்ல அட்டைட்டி" என்றார். கத்தரியும் கையுமாகக் கீழே போனவர் ஒரு மணி நேரம் கழித்து, அவளுக்கு வேறு மாப்பிள்ளை கிடைத்துவிட்ட மாதிரி மேலே ஓடி வந்தார்.

"கரெக்டா உக்காருது! தகடே வேண்டாம்!"

மகள் பாங்கில் இருக்கிறாள். வாய் என்னைப் போல. "என் ஷாதி ரெண்டரை சால் ஓடுச்சு. அந்தக் கார்டு வச்சு அப்பா காடி இருபது சாலா ஓடுது. அச்சா ஹை" என்பாள். இங்கே பிறந்தவள், அவள் தமிழ் அப்படித்தான் இருக்கும்.

இவர் ஒரு மந்திரி ஆபீசில் டிரைவராக இருந்தவர். ஓட்டின வண்டியை ஏலம் போட்டபோது அதையே எடுத்துக்கொண்டு அப்போது நாங்கள் இருந்த கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்து நின்றார். எனக்கு ஒரு தையல் மிஷின் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்த வருஷம் அது. மிஷின் இன்னும் வரவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பாயிண்ட் பார்க்கிற நாள். "ஏட்டி, லைட்டு" என்பார். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அடுப்பில் என்ன இருந்தாலும் சரி. "ஆட்டாதட்டி. அங்க காட்டுன்னா இங்க காட்டுத. ஒரு லைட்டு பிடிக்கத் துப்பில்ல." நாற்பது வருஷம் இதைக் கேட்டேன். கார்ப்பரேஷன் விளக்குக் கம்பத்துக்குக்கூட இவ்வளவு வசவு விழுந்திருக்காது. ஆனால் கம்பத்துக்குக் கண் கிடையாது, எனக்கு இருந்தது. வண்டிக்கு முன்னால் மாட்டுகிற ஹேண்டிலை எவ்வளவு சுற்றினால் பொட்டு இரண்டும் முழுசாகப் பிரியும், எந்த ஆணியைத் தளர்த்த வேண்டும், அட்டைத் துண்டை உருவும்போது எவ்வளவு பிடிமானம் இருக்க வேண்டும், எல்லாம் பார்த்தே ஏறிவிட்டது. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்த ஒரு பாடத்தில்தான் முழு மார்க்.

பிறகு அவருக்குக் கை ஆட ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளர், பிறகு சட்டைப் பித்தான், பிறகு ஸ்க்ரூ டிரைவர். அட்டையை வைத்துச் சந்தைப் பிடித்துவிடுவார், ஆணியை முறுக்கும்போது கை நழுவும், சந்து போய்விடும். அவருக்குத் தெரியாது. "ஆச்சு" என்று பானெட்டைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். அவர் குளிக்க முக்கால் மணி நேரம் ஆகும்.

முதல் தடவை நான் அந்த முக்கால் மணி நேரத்தில் கீழே இறங்கிப் போனது பக்தியால் இல்லை. மறுநாள் எனக்குப் பல் டாக்டர். நடுவழியில் நின்றால் பல்வலியோடு வண்டி தள்ள என்னால் ஆகாது. அவர் விட்டுப்போன அட்டைத் துண்டையே எடுத்து, ஆணியைத் தளர்த்தி, சரியாக வைத்து முறுக்கிவிட்டு வந்து கையைக் கழுவினேன். மறுநாள் வண்டி தொட்டதும் எழுந்தது.

"பாத்தியா? எனக்குக் கை இன்னும் போகல."

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு "ஆமா" மூன்று வருஷம் ஓடியது. மாதத்துக்கு ஒன்று. அவர் மாத்திரையைப் போல, தவறாமல்.

அப்படி இருக்கும்போதுதான் பழைய வண்டிகளைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். டெல்லியில் வயசான வண்டி ரோட்டில் நிற்கக் கூடாது. எதிர் பிளாக்கில் ஒருவருடைய வண்டியை, பாவம் பதினாறு வயசுதான் அதற்கு, லாரி வந்து தூக்கிக்கொண்டு போயிற்று. நம்முடையது தாத்தா வண்டி. தாத்தா வண்டிகளுக்குத் தனியாக ஒரு வழி உண்டு, பழம்பெரும் வண்டி என்று பதிவு பண்ணிக்கொள்ளலாம் என்று மகள் கண்டுபிடித்தாள். எல்லாக் காகிதத்தையும் கம்ப்யூட்டரில் போட்டாள். தேதி கொடுத்தார்கள். அன்றைக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அதிகாரி பார்ப்பார், அவர் முன்னால் கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை என்றால் பழைய இரும்புதான்.

எங்கள் மெக்கானிக் ஒரு சர்தார்ஜி. எனக்கு மகன் வயசு, தாடி மட்டும் என் வயசு. அவர்தான் சொன்னார்: "அம்மாஜி, இந்தப் பாயிண்ட் சோலியெல்லாம் விட்டுடுங்க. எலெக்ட்ரானிக் போட்டுடலாம். சின்ன டப்பி, அந்த மூடிக்குள்ளேயே உட்காரும். தேயறதுக்கு ஒண்ணும் இல்லை. ஒருதரம் வச்சா வச்சதுதான்."

இவர் குதித்தார். "என் பொணத்து மேலதான் வைக்கணும். பாக்குத அதிகாரி ஒரிஜினல் இல்லன்னு தள்ளிட்டான்னா?"

"இந்த வண்டியில ஒரிஜினலா இருக்கது நாத்தம் மட்டுந்தான்" என்றேன். சீட், சைலன்ஸர், கதவுப் பிடி, எல்லாம் எத்தனை தடவை மாறினது. அவர் காதில் விழவில்லை. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த டப்பி வந்து உட்கார்ந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் எனக்கு வேலை இல்லை. டெல்லியில் ஒரு அம்பாசிடர் என் கையால் ஓடுகிறது என்பது எனக்கு மட்டும் தெரிந்த பெருமை. அவர் கௌரவத்தை அவர் கத்திக் காப்பாற்றினார், நான் வாயை மூடிக்கொண்டு காப்பாற்றினேன்.

தேதிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்றார். "ஏட்டி, புதுசா ஒரு கார்டு எடு." பெட்டியிலிருந்து எடுத்தேன். சுத்தமான கார்டு. இங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. நல்ல காரியத்துக்கு மூலையில் மஞ்சள் வைக்காத பத்திரிகையை எங்கள் பக்கத்தில் யாரும் கையால் தொட மாட்டார்கள். இதுவும் நல்ல காரியம்தானே, வண்டியின் உயிர் போகிற விஷயம். மஞ்சள்பொடியைக் குழைத்து நாலு மூலையிலும் தடவினேன். தண்ணீரில் குழைத்தால் அட்டை ஊறி உப்பும் என்று நல்லெண்ணெயில் குழைத்தேன். சாமி விளக்கில் இருந்த எண்ணெய், கூடுதல் பலன்.

அவர் ஒரு மூலையிலிருந்து ஓரமாகப் பாதி நீளத்துக்குத் துண்டு நறுக்கினார். ஒரு முனை வெள்ளை, ஒரு முனை மஞ்சள். அவர் வெள்ளை முனையை விட்டுச் சந்து பார்த்தார், வழக்கம் போல முறுக்கிக் கெடுத்தார், குளிக்கப் போனார். நான் இறங்கிப் போனேன். கண்ணாடியை மேலேயே மறந்து வைத்துவிட்டேன். துண்டைக் கையில் எடுத்தது வெள்ளை முனையில். உள்ளே போனது மஞ்சள் முனை.

வண்டி கிளம்பியது. பார்க்கைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, மார்க்கெட் திருப்பத்தில் இரண்டு தும்மல் தும்மி நின்றுவிட்டது. பின்னால் பேட்டரி ரிக்ஷாக்கள் எட்டுப் பத்து. ஒவ்வொன்றும் ஹார்ன். இவர் சாவியைத் திருப்புகிறார், திருப்புகிறார். ஒரு ரிக்ஷாக்காரன் தலையை நீட்டினான். "அங்கிள்ஜி, கபாடிக்காரன்கிட்ட பழைய இரும்புக்குப் போட்டுடுங்க. நல்ல இரும்பு!" காய் வாங்க வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் இறங்கித் தள்ளினேன். கூட ஒரு தக்காளிக்காரன்.

சர்தார்ஜி வந்து மூடியைத் திறந்தார். இவர் நிழலில் தள்ளிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். சர்தார்ஜி பொட்டுக்கு நடுவில் விரலைவிட்டு எடுத்தார். பாதி கறுப்பு, பாதி மஞ்சள். மோந்து பார்த்தார்.

"அம்மாஜி, இது ஹல்தியா?"

"எனக்கு என்ன தெரியும்" என்றேன். என் விரல் நகமெல்லாம் மஞ்சளாக இருந்தது. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். எண்ணெய் பட்டால் பொட்டு கருகிப்போகும், பொறி வராது என்று சொல்லிக்கொண்டே துடைத்தார். வண்டி ஒருவழியாக வீடு வந்தது.

அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. சாவியை மகள் கையில் கொடுத்தார்.

"எனக்குக் கை போயிட்டும்மா. சவத்த இரும்புக்காரங்கிட்டயே குடுத்துரு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் சட்டியைப் பார்த்தேன். இரண்டு நாள் அவர் ஜன்னல் பக்கமே போகவில்லை, அங்கே நின்றால் வண்டி தெரியும். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், நேராகத்தான் பிடித்திருந்தார், ஆனால் அதில் எதையும் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கிரிக்கெட் பக்கத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தார். அவருக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். மஞ்சளைச் சொன்னால் அன்றைக்கு நான் கை வைத்ததைச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கை வைத்ததைச் சொன்னால் மூன்று வருஷத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வண்டி போகும். வண்டி போனால் போகட்டும், இந்த மனுஷன் இப்படி வீட்டுக்குள்ளேயே கிடந்து என் உயிரை எடுப்பாரே. மூன்றாம் நாள் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே சொன்னேன்.

"உங்க கை போயி மூணு வருஷமாச்சு. அன்னைக்கு வண்டி நின்னது என் கையால."

தோசையை வாய்க்குக் கொண்டுபோனவர் அதைத் தட்டிலேயே திரும்பப் போட்டார்.

"என்னட்டி சொல்லுத?"

சொன்னேன். குளியல், முக்கால் மணி நேரம், அட்டை, மஞ்சள், நல்லெண்ணெய். விளக்கு எண்ணெய் என்பதையும் விடவில்லை.

"மூணு வருஷமா?"

"மூணு வருஷமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"நீங்க ஒரு வார்த்த கேக்கல. லைட்டப் பிடின்னீங்க, பிடிச்சேன்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விட்டார். அடுத்த இரண்டு நாள் என்னிடம் பேச்சு இல்லை. எல்லாம் மகள் வழியாக. "உங்கம்மாகிட்ட உப்பு கேளு." "உங்கம்மாட்ட சொல்லு, டிவி சத்தத்தக் கொறைக்கச் சொல்லி." மகள் நடுவில் உட்கார்ந்து, "நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?" என்று கத்தினாள். எனக்கும் கோபம்தான். மூன்று வருஷம் ஒருத்தி கையில் கிரீஸோடு படி ஏறினதற்கு ஒரு நன்றி உண்டா?

மூன்றாவது நாள் காலையில் அவரே வந்து அடுக்களை வாசலில் நின்றார்.

"அந்த எலெக்ட்ரானிக்க வாங்கச் சொல்லு."

"ஒரிஜினல்?"

"ஒரிஜினல்னு நெனச்சது எதுவும் ஒரிஜினல் இல்லன்னுதான் தெரிஞ்சுபோச்சே." திரும்பிப் போனவர் மறுபடி எட்டிப் பார்த்தார். "ஆனா மெக்கானிக் கை வைக்கக் கூடாது. மூணு வருஷம் களவாணித்தனமாப் பண்ணினவ, ஒரு தடவ வெளிச்சத்துல பண்ணட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வெளிச்சத்தில் பண்ணினேன். பால்கனிகளில் கூட்டம். சர்தார்ஜி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவர் பண்ணின ஒரே வேலை, பேட்டரியில் எந்த முனை வண்டி உடம்போடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தது. "மைனஸ். டீக் ஹை, ஆரம்பிங்க" என்றார். டப்பியோடு வந்த காகிதம் இங்கிலீஷில் இருந்தது. நான் படத்தைப் பார்த்துக்கொண்டேன். மற்றவர்கள் படித்துத் திணறினார்கள்.

இவர் டார்ச்சை எடுத்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே எடுத்தார். பகல் வெளிச்சம் மூடிக்குள் எட்டாது. அவர் கை ஆடியது, வெளிச்சமும் ஆடியது, திருவிழாவில் சீரியல் பல்பு மாதிரி.

"ஆட்டாதீங்க" என்றேன். "அங்க காட்டுன்னா இங்க காட்டுதீங்க. ஒரு லைட்டு பிடிக்கத் துப்பில்ல."

மேலே பால்கனியில் மகள் சிரித்த சிரிப்பு மூன்றாவது பிளாக் வரை கேட்டிருக்கும்.

பழைய பாயிண்ட்டைக் கழற்றினேன், கூட இருந்த கண்டன்ஸர் என்கிற சின்ன உருளையையும். அந்த இடத்தில் கறுப்பு டப்பி. நடுத் தண்டில் ஒரு காந்த வளையம். இரண்டு ஒயர் வெளியே வரும், சிவப்பு, கறுப்பு. சிவப்பு, பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலில் கூட்டல் குறிக்கு, கறுப்பு கழித்தலுக்கு. மாற்றிக் கொடுத்தால் டப்பி கருகிவிடும் என்றார் சர்தார்ஜி. காயிலில் குறி எதுவும் தெரியவில்லை, ஐம்பது வருஷ அழுக்கு. முந்தானையால் தேய்த்துத் தேய்த்து, கூட்டல் தெரிந்த பிறகுதான் தொட்டேன்.

பிறகு சர்தார்ஜி பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டை எடுத்தார். காந்தத்துக்கும் டப்பிக்கும் நடுவில் இதை வைத்து முறுக்க வேண்டுமாம்.

இவர் டார்ச்சோடு துள்ளினார். "பாத்தியா! இதுக்கும் சந்து இருக்கு! ஒண்ணுமே பாக்க வேண்டாம்னானே!"

"ஒரே தரம்தான் அங்கிள்ஜி. அப்புறம் ஜென்மத்துக்கும் இல்லை."

"குடும் அத, நான் பாக்கேன்" என்று வாங்கினார். கை ஆடியது. துண்டு என்ஜினுக்கு அடியில் எங்கேயோ விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான். குச்சியை விட்டுத் தேடினோம், காந்தத்தை விட்டுத் தேடினோம். பிளாஸ்டிக்கைக் காந்தம் இழுக்காது என்று அரை மணி நேரம் கழித்து சர்தார்ஜிக்கு நினைவு வந்தது.

"அந்தத் துண்டு எவ்வளவு கனம்?" என்று கேட்டேன். விரலால் காட்டினார். நான் மேலே பார்த்துக் கத்தினேன். "ஏட்டி, உன் கல்யாணப் பத்திரிகை ஒண்ணு போடு!"

"ஹல்தி வச்சா, வைக்காமலா?" என்று கேட்டுக்கொண்டே போட்டாள்.

வைக்காதது. ஒரு துண்டு நறுக்கி இரண்டாக மடித்தேன். சரியாக உட்கார்ந்தது. ஆணியை முறுக்கினேன். அட்டையை உருவினேன், வெண்ணெயில் கத்தி வருகிற மாதிரி வந்தது. மூடியைப் போட்டேன். அவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. இருமல் இல்லை, தும்மல் இல்லை. பக்கத்து வீட்டுப் புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன.

தேதி அன்றைக்குப் போனோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில், மகள் பின்னால் காகிதங்களோடு. என் பையில் பழைய பாயிண்ட்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். தள்ளிவிட்டால் அங்கேயே உட்கார்ந்து திருப்பி மாட்டிவிடலாம் என்று. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வண்டி, ராஜா வீட்டு வண்டியாம். நாலு பேர் தள்ளி உள்ளே கொண்டுபோனார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

அதிகாரி சின்ன வயசு. என்ஜின் நம்பரைப் பார்த்தார், அடியில் குனிந்து பார்த்தார், போட்டோ எடுத்தார். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். இவர் சாவியைப் பிடித்தார். கை அப்படி ஆடியது, சாவிக்கொத்து சலங்கை மாதிரிக் கிலுகிலுத்தது. திருப்பினார். எழுந்தது. அப்படியே ஒரே சீராக நின்று ஓடியது.

அதிகாரி காதைச் சாய்த்துக் கேட்டார். இவருக்குப் பொய் சொல்ல வராது, அவசரப்பட்டு இந்தியில் கொட்டிவிட்டார். "சார், உள்ளே இப்ப எலெக்ட்ரானிக் போட்டிருக்கு. பழசும் கையில இருக்கு." நான் பைக்குள் கையை விட்டேன்.

"அது இருக்கட்டும் அங்கிள், எல்லாரும் போடறதுதான்" என்று அவர் பாட்டுக்கு எழுதினார். நாங்கள் வீட்டில் போட்ட சண்டைக்கு அந்த ஆள் ஒரு நிமிஷம்கூடச் செலவு பண்ணவில்லை. காகிதத்தில் முத்திரை விழுந்தது. போகிறபோது கேட்டார்.

"நல்லா செட் பண்ணியிருக்கு. யாரு பண்ணினது?"

"நான்தான்" என்றார் இவர். நாற்பது வருஷத்துப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது. வந்த பிறகு என்னைப் பார்த்தார். நான் பைக்குள்ளிருந்து கையை எடுத்தேன். "ஆமா" என்று சொல்லவில்லை.

விரலை என் பக்கம் நீட்டினார்.

"வேலை இவ பண்ணினது. லைட்டு பிடிச்சது நான்."

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சபாஷ் அம்மாஜி" என்றார்.

"அவரு லைட்டையும் ஒழுங்காப் பிடிக்கல" என்றேன் எனக்குத் தெரிந்த இந்தியில்.